கூடு எங்கே என்று பறவையிடமே கேளுங்கள்

போன இதழில், அலாஸ்காவின் வடகோடியில் உத்கியாக்விக் என்ற ஊருக்குப் பக்கத்துத் தூந்திர வெளியில் இரண்டு கோடைக்காலம் பறவைக் கூடு தேடும் குழுவுக்கு உதவியாளாகப் போயிருந்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் அரைப் பக்கம் போதவில்லை என்று தெரிகிறது. பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிக் காணவில்லை என்று எழுதியவர்கள் பாரோ என்ற பெயரில் தேடுங்கள். 2016-இல் ஊர்க்காரர்கள் வாக்களித்துத் தங்கள் இனுப்பியாக் மொழிப் பெயரையே திரும்ப வைத்துக்கொண்டார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கரடியைப் பற்றி மட்டும் ஒரு கட்டு கடிதம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

எங்கள் உப்பளங்களுக்கு ஐப்பசியில் கூட்டம் கூட்டமாக வரும் கொசு உள்ளான் நீங்கள் போன இடத்திலிருந்துதான் வருகிறதா? அங்கே அதைப் பார்த்தீர்களா?
— ஒரு வாசகர், வேதாரண்யம்

இல்லை ஐயா. நான் பார்த்தது அதன் பங்காளிகளை, சேற்றிலும் நீரோரத்திலும் இரை தேடும் மற்ற உள்ளான் இனங்களை. உத்கியாக்விக்கில் கூடு கட்டும் டன்லின் என்ற உள்ளான் குளிர்காலத்துக்கு ஜப்பான், கொரியா, சீனக் கடற்கரைக்குப் போகிறது. அதற்குப் பத்தடி தள்ளி, அதே சதுப்பில் கூடு கட்டியிருக்கும் இன்னொரு சின்ன உள்ளான் தென் அமெரிக்காவின் வடக்குக் கரைக்குப் போகிறது. பெக்டோரல் சாண்ட்பைப்பர் என்ற இன்னோர் உள்ளான் அர்ஜென்டினா வரைக்கும் போய்விடும். ஒரே தெருவில் குடியிருந்துவிட்டு ஒருவர் சிங்கப்பூருக்கும் ஒருவர் துபாய்க்கும் பிழைக்கப் போவது மாதிரிதான்.

உங்கள் உப்பளத்துக் கொசு உள்ளானின் ஊர் ருஷ்யாவின் வடக்குக் கரை. ஐரோப்பாவின் வடகோடியில் தொடங்கிச் சைபீரியா நெடுக அது கூடு கட்டுகிறது. வீட்டில் உலக வரைபடம் இருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். கோடியக்கரையில் ஸ்கேலை வைத்து நேராக வடக்கே இழுங்கள், கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம். ஆந்திரா, உத்தரப் பிரதேசம், இமயமலை, திபெத், கசக்ஸ்தான், சைபீரியா எல்லாம் தாண்டிக் கோடு கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் டிக்சன் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கும். கோடியக்கரையும் டிக்சனும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை, 80 பாகைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. நடுவில் ஏழாயிரம் கிலோமீட்டர். டிக்சனிலிருந்து கிழக்கே விரிகிற தைமிர் தீபகற்பம்தான் உங்கள் ஊருக்கு வரும் பல உள்ளான்களின் தாய்வீட்டுப் பக்கம். பறவை நேர்க்கோட்டில் பறப்பதில்லை, சுற்றித்தான் வரும், ஆனாலும் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கோடியக்கரை என்ற பெயரே வேறு மாதிரிக் கேட்கிறது.

இன்னொன்று. ஐப்பசியில் வருவதைச் சொன்னீர்கள், ஆனால் முதல் ஆட்கள் ஆடி, ஆவணியிலேயே வந்துவிடுவார்கள். கர்லூ சாண்ட்பைப்பர் என்று பறவைக்காரர்கள் சொல்லும் வளைமூக்கு உள்ளானைக் கவனியுங்கள். ஆகஸ்டில் வருகிறவற்றில் சிலவற்றுக்கு நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக இன்னும் இருக்கும். தூந்திரத்தில் போட்டிருந்த கல்யாணச் சட்டை அது, வெளுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இனத்தில் ஆண் அடைகாப்பதே இல்லை, ஜோடி சேர்ந்த கையோடு ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். முதலில் ஆண், அப்புறம் பெட்டை, கடைசியில்தான் அந்த வருடத்துக் குஞ்சுகள். குஞ்சுகளுக்கு வழிகாட்டப் பெரியவர் யாரும் இல்லை, அதுகளாகவே வந்து சேர்கின்றன. இந்த உள்ளானின் முட்டை எங்கே இருக்கிறது என்றே ஐரோப்பியர்களுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. 1897-இல்தான் யெனிசெய் ஆற்று முகத்துவாரத்தில் பாப்ஹாம் என்ற ஆங்கிலேயர் கையில் அது கிடைத்தது.

தரை முழுக்கப் புல்லும் பாசியும்தான், மரம் கிடையாது என்கிறீர்கள். அதில் கூடு மட்டும் எப்படிக் கண்ணில் படும்?
— தபால்துறை ஊழியர், கும்பகோணம்

படாது. முதல் நாலு நாள் எனக்கு ஒன்றுகூடப் படவில்லை. கூடு என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரிச் சுள்ளி வைத்துக் கட்டியது இல்லை. குழிப்பணியாரச் சட்டியில் ஒரு குழி இருக்குமே, அவ்வளவுதான் அளவு. பாசியில் நெஞ்சை வைத்து அழுத்திக் குழியாக்கி, காய்ந்த வில்லோ இலை நாலைப் போட்டுவிட்டால் வீடு தயார். வில்லோ என்றால் மரம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது விரல் உயரத்துக்குத் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அதில் நாலு முட்டை, ஆலிவ் பச்சையில் பழுப்புத் திட்டு, கூரான முனை நாலும் உள்பக்கம் பார்த்திருக்கும். அப்படி வைத்தால்தான் இத்துனூண்டுப் பறவையின் வயிற்றுக்கடியில் நாலும் அடங்கும்.

தேடுவதில் ஒரு வழி கயிறு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நீளமான கயிற்றைப் புல்மேல் உரசியபடி இழுத்துக்கொண்டு போக வேண்டும், நடுவில் அடைகாத்துக்கொண்டிருக்கும் பறவை கயிறு மேலே வரும்போது எழும்பும், பின்னால் வருகிற மூன்றாவது ஆள் அது எழும்பின இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கேட்க எளிது. நிலம் முழுக்க உறைந்த மண் வெடித்து, வெடிப்பில் பனிக்கட்டி ஆப்பு இறங்கி, பலகோணப் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கிறது. பாத்தி வரப்பில் கால் வைத்தால் சரி, பள்ளத்தில் வைத்தால் முழங்கால்வரை பனித்தண்ணீர். நாற்று நட்ட வயலில் ஒரு நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு நடந்தால் எப்படியிருக்குமோ அப்படி.

இன்னொரு வழிதான் எனக்குப் பிடித்தது. ஐந்தாம் நாள் ஓர் உள்ளான் எனக்குப் பத்தடி முன்னால் கிளம்பியது. பறக்கவில்லை. முதுகு இறகைச் சிலிர்த்து, உடம்பைத் தரையோடு ஒட்டி, கீச்சுக் கீச்சென்று எலி மாதிரி ஓடியது. நரியை ஏமாற்றச் செய்கிற வேஷம் அது, எலி ஓடுகிறது என்று நரி பின்னாலேயே போய்விடும். நான் நரி இல்லை என்பதால் அதே இடத்தில் குனிந்து தேட ஆரம்பித்தேன். குழுவை நடத்தியவர் தூரத்திலிருந்து கையை ஆட்டி, போய்விடு, தள்ளிப் போய் உட்கார் என்று சைகை காட்டினார். அறுபது எழுபது தப்படி தள்ளிப் போய் ஒரு வரப்பில் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அது மேய்கிற மாதிரி நடித்தது. இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து, ஒன்றும் எடுக்கவில்லை. ஓரிடத்தில் போய் அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்துகூடப் பார்த்தது, நான் எழுந்திருக்கிறேனா என்று. எழுந்திருந்தால் தொலைந்தேன். எழுந்திருக்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், கை விறைத்துப் பைனாகுலர் நடுங்குகிறது, திடீரென்று அதற்குப் பொறுமை போய்விட்டது. முட்டை குளிர்கிறதே என்ற கவலை என்னைப் பற்றிய கவலையைத் தாண்டிவிட்டது போல. வளைந்து வளைந்து ஓடிவந்து, ஒரு பஞ்சுப்புல் கொத்துக்கு இடப்பக்கம் நின்று, வயிற்று இறகை ஒருமுறை உதறி, உட்கார்ந்து, காணாமல் போனது. அந்தப் பஞ்சுப்புல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தேன். கூட்டைப் பார்த்தபோது என் பழைய பூட்ஸ் தடம் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. குனிந்து தேடினபோது பதித்த தடம்.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது, கூட்டைத் தேடாதீர்கள், பறவை வீட்டுக்குப் போகிற வரைக்கும் உட்காருங்கள் என்பதுதான். சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கூட்டின் ஜி.பி.எஸ். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும்போது இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டேன். நாங்கள் கண்டுபிடித்த கூட்டை நாங்களே இரண்டு நாள் தேடினோம்.

கை பட்ட முட்டையைத் தாய் சேர்க்காது என்பார்களே. நீங்கள் முட்டையை எடுத்துத் தண்ணீரில் வேறு போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம் இல்லையா?
— இல்லத்தரசி, பாளையங்கோட்டை

கோபம் புரிகிறது அம்மா. மனித வாசனை பட்டால் பறவை கூட்டை விட்டுவிடும் என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சு, பெரும்பாலான பறவைகளுக்கு அது உண்மையில்லை. வாசனையால் வருகிற கெடுதலைவிட நேரத்தால் வருகிற கெடுதல்தான் பெரிது. வெளியே நாலைந்து டிகிரி குளிர், நாம் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை ஆறுகிறது, மேலே பறக்கிற ஸ்கூவா என்ற முட்டை திருடும் கடற்பறவை நாம் எங்கே குனிகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் கடிகாரம் பார்த்து வேலை. கூட்டுக்கு நேராகப் போய் நேராகத் திரும்பாமல், வழிப்போக்கன் மாதிரிக் கூட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விட வேண்டும், நரி மோப்பம் பிடித்து வந்தால் தடம் கூட்டில் முடியக் கூடாது. அடையாளக் குச்சியும் கூட்டுக்கு ஒட்டி நடுவதில்லை, பல அடி தள்ளித்தான்.

தண்ணீரில் போடுவது நீங்கள் அடுக்களையில் செய்கிற அதே சோதனைதான். நல்ல முட்டையா கூமுட்டையா என்று சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பீர்களே. முட்டை நாளாக ஆக உள்ளேயுள்ள ஈரம் ஓட்டின் நுண்துளை வழியே போய், மொட்டை முனையில் காற்றறை பெரிதாகிறது. இட்ட அன்று முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். சில நாளில் மொட்டை முனை மெல்லத் தலை தூக்கும். ஒரு வாரம் வாக்கில் செங்குத்தாக நிற்கும். அப்புறம் மேலே மிதந்து, தண்ணீருக்கு வெளியே ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்தச் சாய்வையும் வட்டத்தையும் அளந்தால் எத்தனை நாள் முட்டை, என்றைக்குப் பொரியும் என்று சொல்லிவிடலாம். உள்ளான் மொத்தமே மூன்று வாரம்தான் அடைகாக்கும், பொரிக்கிற நாள் தெரியாவிட்டால் குஞ்சைப் பார்க்கவே முடியாது. தண்ணீரை மட்டும் குளிராமல் வைத்துக்கொள்ள வேண்டும். என் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி ஒரு பாட்டில் எப்போதும் இருந்தது.

பனிக்கரடி வந்ததா?
— ஒரு கட்டு வாசகர்கள்

வந்தது, எங்களிடம் இல்லை. ஊர்க்கோடிக் கடற்கரையில் வந்து போனதாகத் தகவல் வரும், அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. வெளியே போகும் குழுவில் காவலுக்குத் துப்பாக்கியோடு ஒருவர், ஆளுக்கொரு வாக்கிடாக்கி, குனிந்து வேலை பார்க்கிறவர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து சுற்றிலும் ஒரு வட்டம் பார்த்துவிட வேண்டும், இதுதான் ஏற்பாடு. ஒருநாள் தூரத்து மேட்டில் மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பெரிதாக ஒன்று அசைந்தது. தரைக்கு மேலே கானல் ஓடுகிற நேரம், எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். வாக்கிடாக்கியில் நான் போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அரை நிமிஷத்தில் அது கழுத்தை நீட்டியது. அன்னம்.

இரவே இல்லாத ஊரில் பறவை எப்போது தூங்கும்? நீங்கள் எப்போது தூங்கினீர்கள்?
— பிளஸ் டூ மாணவி, திருச்சி

அந்த ஊரில் மே இரண்டாம் வாரத்தில் மேலே வந்த சூரியன் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் அடிவானத்துக்குக் கீழே போகும். நடுவில் அது மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டு தூங்கினேன், அதுதான் அங்கே எல்லோர் வீட்டு வழக்கமும்.

பறவையிடம் வருவோம், அதிலும் பெக்டோரல் சாண்ட்பைப்பர் ஆணிடம். தொண்டைப் பையை உப்பவைத்துக்கொண்டு, புல்லுக்கு மேலே தாழப் பறந்து, வெறும் பாட்டில் வாயில் ஊதினால் வருமே ஒரு சத்தம், அந்த மாதிரி ஊம் ஊம் என்று ஊதிக்கொண்டே பெட்டைகளின் தலைமேல் போகும். அதற்குக் குடும்பப் பொறுப்பு ஒன்றும் கிடையாது, முட்டையும் குஞ்சும் பெட்டையின் பாடு. இருக்கிற மூன்று நாலு வாரத்தில் எத்தனை பெட்டையோடு சேர முடியும் என்பது மட்டும்தான் கணக்கு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இதே ஊரில் அந்த ஆண்களுக்குச் சின்னக் கருவி மாட்டிப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண் 19 நாளில் 95 சதவீத நேரம் விழித்தே இருந்திருக்கிறது. குறைவாகத் தூங்கிய ஆண்களுக்குத்தான் அதிகக் குஞ்சு. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், இந்த இனத்து ஆண்கள் இங்கே பெட்டை போதவில்லை என்றால் கிளம்பி, ஒரே கோடையில் பல இடங்களுக்கு, சில வேளை இருபதுக்கு மேற்பட்ட இடங்களுக்குக்கூடப் போய்வந்தது தெரிந்தது. தூங்காமலும் இருந்து ஊர் ஊராகவும் சுற்றி! பரீட்சைக்கு முந்தின நாள் இதை உன் அம்மாவிடம் உதாரணமாகக் காட்டாதே தங்கச்சி, தூக்கம் கெட்டால் நமக்கு எதுவும் ஏறாது. அந்தப் பறவைக்கு மட்டும் எப்படி முடிகிறது என்பதுதான் ஆச்சரியம்.

ஆண் அடைகாக்கும் பறவை இருக்கிறதாமே? நிஜமா, உங்கள் கற்பனையா?
— வங்கி ஊழியர், மதுரை

நிஜம். ரெட் ஃபாலரோப். குட்டைத் தண்ணீரில் பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றிச் சுழல் உண்டாக்கி, மேலே வருகிற பூச்சியைக் கொத்தித் தின்னும். பளபளவென்று செந்நிறம் போட்டிருப்பது பெட்டை, வெளிறிப்போய் இருப்பது ஆண். ஆணுக்காகச் சண்டை போடுவது பெட்டைகள்தான். முட்டையிட்டு முடித்ததும் பெட்டை போய்விடும், நாலு முட்டையையும் அடைகாத்துக் குஞ்சுகளை மேய்ப்பது ஆண். வெளிறிய நிறம் அதற்கு வசதி, புல்லில் உட்கார்ந்தால் தெரியாது. நம் ஊருக்கு வரும் கொசு உள்ளானில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பெட்டை ஒரு கூட்டில் முட்டையிட்டு ஆணிடம் விட்டுவிட்டு, இரண்டாவது கூட்டில் இட்டுத் தானே அடைகாக்கும். பறவைகளில் இத்தனை விதம் இருப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, இயற்கையிலேயே பெண்ணுக்கு இதுதான் வேலை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

பனி ஆந்தை பார்த்தீர்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

முதல் கோடையில் பார்த்தேன், இரண்டாவதில் கூடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் லெம்மிங் செய்கிற வேலை. லெம்மிங் என்பது வால் குட்டையான, உருண்டையான எலி. மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை பெருகி, எங்கு பார்த்தாலும் குறுக்கே ஓடும், அடுத்த வருடம் தேடினாலும் கிடைக்காது. பெருகுகிற வருடத்தில் ஆந்தை மேட்டில் கூடு வைத்து, பொரிக்கிறதுக்கு முன்பே கூட்டைச் சுற்றி லெம்மிங்கைக் கொன்று அடுக்கி வைத்திருக்கும், மளிகைச் சாமான் வாங்கி வைக்கிற மாதிரி. முட்டையும் அதற்கேற்ப, மூன்றும் இருக்கும் பத்தும் இருக்கும். லெம்மிங் இல்லாத வருடம் முட்டையே இடாமல் வேறு இடத்துக்குப் போய்விடும். டென்வர் ஹோல்ட் என்ற ஆய்வாளர் 1992-இலிருந்து அங்கே இந்த ஆந்தைகளைக் கணக்கெடுத்துவருகிறார்.

இதில் உள்ளானுக்கு என்ன என்று கேட்பீர்கள். லெம்மிங் நிறைய இருந்தால் நரி அதைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும். இல்லாவிட்டால் உள்ளான் முட்டையைத் தேடி வரும். தைமிரில் லெம்மிங் அற்றுப்போன வருடம், தெற்கே வருகிற வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் இளம்பறவை அருகிப்போகும். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடற்கரையில் உட்கார்ந்து குஞ்சுகளை எண்ணினவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். எலி செத்தால் உள்ளானுக்கு ஆபத்து, இத்தனைக்கும் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாப்பாடு? கொசு? மற்றதெல்லாம்?
— பலர்

ஊருக்குச் சாலை கிடையாது, எல்லாம் விமானத்திலும் கோடைக் கப்பலிலும் வருவதால் ஒரு தக்காளியை வாங்கக் கை கூசும். நான் கொண்டுபோன பருப்புப் பொடி மூன்றாம் வாரத்தில் தீர்ந்தது, பாதியைத் தின்றது கூட வந்தவர்கள். ஜூனில் திமிங்கில வேட்டை நல்லபடியாக நடந்ததற்கு நலுக்கடக் என்ற விழா எடுப்பார்கள், வந்தவர் போனவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. தோலும் கொழுப்புமாக ஒரு துண்டு வாயில் போட்டேன், இளந்தேங்காயை மெல்லுகிற மாதிரி இருந்தது, வாசனை மட்டும் மீன். கொசு, கடற்காற்று அடிக்கிற வரைக்கும் இல்லை. காற்று நின்றால், அதிலும் உள்நாட்டுப் பக்கம் போனால், பேசுவதற்கு வாயைத் திறக்க முடியாது. ஆனால் கொசுவைத் திட்டவும் முடியவில்லை. அதுவும் அதன் சொந்தக்காரப் பூச்சிகளும்தான் குஞ்சுகளுக்குச் சோறு. "மற்றதெல்லாம்" என்று கேட்டவருக்கு, மரம் இல்லாத ஊரில் மறைவு என்பது முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற நண்பர்கள்தான்.

பூமி சூடாவதால் அந்தப் பறவைகளுக்குப் பனி குறைந்து நல்லதுதானே?
— பொறியியல் மாணவர், கோவை

இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. நல்லது, கெட்டது என்று ஒரே வரியில் பதில் வேண்டும் என்றால் என்னிடம் இல்லை.

உள்ளான் குஞ்சுக்குத் தாய் ஊட்டாது. பொரித்த மறுநாளே நடந்து போய்த் தானே பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும். ஆனால் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, கொஞ்சம் தின்றுவிட்டு ஓடிவந்து தாயின் இறகுக்குள் புகுந்துகொள்ளும். குளிர்ந்த நாளில் இறகுக்குள் இருக்கிற நேரம் கூடும், தின்கிற நேரம் குறையும். ஆக, பூச்சி அதிகமாகப் பறக்கிற அந்தச் சில வாரமும் குஞ்சு வளர்கிற சில வாரமும் ஒத்துப்போக வேண்டும். பனி சீக்கிரம் உருகினால் பூச்சி சீக்கிரம் வந்து போய்விடுகிறது, பறவையோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இங்கே பனி உருகிவிட்டது தெரியாமல் இருக்கிறது. தைமிரில் கூடு கட்டும் ரெட் நாட் என்ற பறவையைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. 33 வருடத்தில், வருடத்துக்கு அரை நாள் வீதம் பனி முன்கூட்டி உருகிவந்திருக்கிறது, சூடான வருடத்துக் குஞ்சுகள் சின்ன உடம்பும் குட்டை அலகுமாக வளர்ந்திருக்கின்றன. அலகு குட்டையானால் என்ன? குளிர்காலத்துக்கு அவை போகிற மேற்கு ஆப்பிரிக்க மொரிட்டானியாவில் சிப்பி மணலுக்குள் ஆழத்தில் இருக்கிறது, எட்டவில்லை. கெடுதல் நடப்பது ஓரிடத்தில், சாவது வேறிடத்தில்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 2018-இல் வடகிழக்கு கிரீன்லாந்தின் ஸாக்கன்பர்க் ஆய்வு நிலையத்தைச் சுற்றிப் பனி அவ்வளவு பெய்து, அவ்வளவு தாமதமாக உருகியதில், அந்தக் கோடையில் செடி, விலங்கு, பறவை எல்லாமே அநேகமாகக் குட்டி குஞ்சு இல்லாமல் போயின. சூடு கூடினால் காற்றில் ஈரம் கூடும், அது பனியாகவும் கொட்டும். பறவைக்கு வேண்டியது போன வருடம் மாதிரியே இந்த வருடமும் இருப்பது, அதுதான் இப்போது கிடைப்பதில்லை.

என் மகளுக்கு இதே வேலைக்குப் போக ஆசை. என்ன படிக்க வேண்டும்?
— ஒரு தாய், நாகப்பட்டினம்

விலங்கியலோ சூழலியலோ, எதுவானாலும் சரி, புள்ளியியலை விட்டுவிட வேண்டாம். இந்தியாவுக்கே ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி என்ற நிலையம் இருக்கிறது, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 2008-இல் திறந்தது, கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அங்கே ஆர்க்டிக் ஆலா கூடு கட்டுகிற பக்கம் நடந்தால் தலையில் வந்து கொத்தும், கையில் ஒரு குச்சியை உயரப் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆலா குச்சி முனையைத் தாக்கிவிட்டுப் போய்விடும்.

ஆனால் நீங்கள் இருப்பது நாகப்பட்டினம் அம்மா! கோடியக்கரை உங்களுக்குப் பக்கம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாக அங்கே வலை விரித்துப் பறவைக்குக் கால்வளையம் போடுகிறது. ஆகஸ்ட் மாதத்துக் காலை வேளையில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் உப்பளக் கரையில் இரண்டு மணி நேரம் உட்காரவையுங்கள். சும்மா. பேசாமல். எத்தனை உள்ளான், எத்தனைக்கு நெஞ்சில் இன்னும் சிவப்பு, எதன் காலிலாவது வளையமோ நிறக் கொடியோ தெரிகிறதா என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் கரையும். இரண்டு மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று அவள் சொன்னால் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

குஞ்சு பொரிக்கிறதை நேரில் பார்த்தீர்களா?
— ஆறாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பார்த்தேன் தம்பி. என் முதல் கூட்டையே. முட்டையில் முதலில் நட்சத்திரம் மாதிரிச் சின்ன விரிசல் வரும், காதில் வைத்தால் உள்ளே இருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அப்புறம் ஓர் ஓட்டை. மூன்றாவது நாள் போனபோது மூன்று குஞ்சு காய்ந்து பஞ்சாக இருந்தது, நாலாவது அப்போதுதான் வெளியே வந்து நனைந்த துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒன்றைத் தராசில் வைத்தோம், ஐந்து கிராம்கூட இல்லை. நம் ஐந்து ரூபாய்க் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார், அதைவிட லேசு. கால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிது. தாய் நாலடி தள்ளி நின்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கூட்டில் யாரும் இல்லை. பயந்துவிடாதே, நரி வரவில்லை. குழிக்குள் விரலை விட்டுத் துழாவினால் இலைக்கடியில் கடுகளவு ஓட்டுச் சில்லுகள் தட்டுப்பட்டன. பொரித்துப் போன கூட்டில்தான் அந்தச் சில்லு இருக்கும், நரி முட்டையோடு தூக்கிப் போயிருந்தால் இருக்காது. குறிப்பேட்டில் "பொரித்தது, 4" என்று எழுதினேன், இந்தத் தடவை எண்ணை இரண்டுமுறை சரிபார்த்து.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?
— பலர்

எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பன்னிரண்டு, இருபது மடங்கு பெரிதாக்கும் என்று கடைக்காரர் காட்டுவது குளிரில் நடுங்குகிற கையில் நிற்காது, நம் ஊர்க் காற்றிலும் நிற்காது. தண்ணீர் புகாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கண்ணாடியைத் துடைக்க வேட்டி, புடவைத் தலைப்பு வேண்டாம், மணல் கீறிவிடும், முதலில் ஊதிவிட்டு அப்புறம் அதற்கென்று உள்ள துணியால் துடையுங்கள்.